பென்சிலில் வந்த பாட்டி முகம் வாட்டர்கலரில் வரவில்லையா?

பென்சிலில் அப்படியே வந்த பாட்டி, வாட்டர்கலரில் வேறு யாரோ மாதிரி ஆகிவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கையில் குறையில்லை. சுருக்கங்களைக் கோடு கோடாகத் தேடுகிறீர்கள், அதுதான் சிக்கல். கண்ணைப் பாதி மூடிப் புகைப்படத்தைப் பாருங்கள்: கண்குழி, மூக்கின் கீழ், தாடைக்கு அடியில் என நிழல் மூன்று நான்கு திட்டுகளாகத் தெரியும். சாயல் அங்கேதான் இருக்கிறது.

நடுவில் ஒருமுறை கரித்துண்டில் வரையுங்கள். தாள் முழுக்கக் கரியைத் தேய்த்துவிட்டு, நெற்றி, கன்னமேடு, மூக்கு நுனியில் விழும் வெளிச்சத்தை மட்டும் ரப்பரால் துடைத்து எடுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பயிற்சி இது. வாட்டர்கலரில் அதே இடங்களைத் தொடாமல் வெள்ளைத் தாளாகவே விடுங்கள். அப்புறம், ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. அரை ஈரத்தில் திரும்பத் திரும்பத் தடவினால் நிறம் சேறாகிவிடும்.