மகள் ஒட்டும் முகம்

அன்புள்ள அம்மா,

போன கிழமை உங்கள் மகளைப் பற்றி, "கல்யாணப் படத்தைக் கிழிச்சு ஒட்டுறாள், இதைப் படிச்சு என்ன வேலை எடுப்பாள்?" என்று கேட்டீர்கள். அவளுக்குச் சித்திரம் படிப்பிக்கும் நான், அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை.

மகள் ஒட்டிச் செய்த படத்தைத் திரும்பவும் பார்த்தேன். அடியில் பென்சிலால் வரைந்த தன் முகம். அதன்மேல் குடும்ப அட்டையின் பிரதி, அம்மம்மாவின் சேலைத் துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, ட்ரேசிங் தாளில் உங்கள் சிறுவயது முகம். ஒரு கண் அவளுடையது, மற்றது உங்களுடையது. தான் யார் என்று தேடிப்போன பிள்ளை, நீங்கள் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட 1995 ஒக்டோபர்வரை போயிருக்கிறாள். இது விளையாட்டு வேலை இல்லை, அம்மா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களை அவர்கள் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரையச் சொல்லி, 2011இல் நூலாகவே கொண்டுவந்தார்.

ஆனால் மூலப்படங்களைக் கிழிக்க விடாதீர்கள். போட்டோக்கொப்பி போதும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தால் பசை ஈரத்தில் மை கரையும். கடையில் எடுக்கும் டோனர் பிரதி கரையாது. கோதுமைமாப் பசையைப் பூச்சி தின்னும், கடையில் விற்கும் வெள்ளைப் பசையான பைண்டர் கம் நல்லது. ஒவ்வொரு அடுக்கும் ஒட்டியதும் ஒரு படம் எடுத்து, ஏன் அதை ஒட்டினாள் என்று இரண்டு வரி கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். நேர்முகத்தில் அவள் பேசுவதற்கு அந்தக் கொப்பி கைகொடுக்கும்.

படிப்புக்கு யாழ்ப்பாணம், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், கொழும்பில் கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் என்று வழி இருக்கிறது. வடிவமைப்பில் விருப்பம் வந்தால் மொறட்டுவப் பல்கலைக்கழகம். உயர்தரத்தில் சித்திரத்துக்கு ஏ எடுத்தால் மட்டும் போதாது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியை மற்ற இரண்டு பாடங்களும் சேர்ந்தே தீர்மானிக்கும். அந்தத் துறைக்கான திறமையைப் பார்க்கும் உளச்சார்புப் பரீட்சைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் திகதியைத் தவறவிட்டு அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

வேலை? சித்திர ஆசிரியர் நியமனம் வரும், ஆனால் காத்திருக்க வேண்டிவரும். அதனால் இப்போதே போட்டோஷொப் பழகட்டும். நூல் அட்டை, அழைப்பிதழ், விளம்பரம் என்று இங்கிருந்தே உழைக்கலாம்.

அடுத்தமுறை மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தச் சேலைத் துண்டு எங்கே கிடைத்தது என்று அவளிடம் கேட்க வேண்டும்.