ரவுட்டர் வாங்கப் போகும்போது காதையும் கொண்டு போங்கள்

நுகர்வோர் கேள்வி-பதில், திருகோணமலை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வைஃபை ரவுட்டர் பற்றியவை, அதுவும் பார்வையற்றவர்களும் அவர்களுடைய வீட்டாரும் எழுதியவை. சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: நான் பார்வையற்ற ஆசிரியர். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்களில் மடிக்கணினியில் என்விடிஏ, போனில் டோக்பேக் பாவிக்கிறேன். வீட்டில் ஃபைபர் இணைப்பு உண்டு. யாருடைய உதவியும் இல்லாமல் நானே செட் பண்ணக்கூடிய ரவுட்டர் எது? கடையில் கேட்டால் "எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்கள். (உப்புவெளி)

பதில்: ஒன்றில்லை சேர். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் ஒரு செட்டிங் பக்கம் திறக்குமே, உங்களுக்கு அந்தப் பக்கம்தான் ரவுட்டர். வேகம், விலை, அன்டெனா எல்லாம் அதற்குப் பிறகு. பல ரவுட்டர்களில் வைஃபையை ஓன், ஓஃப் பண்ணும் சுவிட்ச் வெறும் படமாக இருக்கும், என்விடிஏயில் பி எழுத்தைத் தட்டிக்கொண்டே போனால் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் கேட்கும், எது வைஃபையை நிறுத்தும், எது எல்லாவற்றையும் அழித்து ரீசெட் பண்ணும் என்று தெரியவே தெரியாது. சிலதில் லொகின் பண்ணும் இடத்திலேயே படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்வார்கள், அதோடு கதை முடிந்தது. இன்னும் சிலது கொஞ்ச நேரம் ஒன்றும் அழுத்தாவிட்டால் வெளியே தள்ளிவிடும். ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டு நகர்கிறவருக்கு அந்த நேரம் எங்கே காணும்?

மொடல் பெயர் சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன். ஒரே மொடலில் வெர்ஷன் 1, வெர்ஷன் 2 என்று வரும், உள்ளே பக்கம் மாறியிருக்கும், நான் நல்லது என்று எழுதியதை நம்பி நீங்கள் வாங்கி ஏமாறுவீர்கள். அதைவிட நீங்களே சோதிக்க வழி இருக்கிறது. டிபி-லிங்க் நிறுவனம் தன்னுடைய பல ரவுட்டர்களின் செட்டிங் பக்கத்தை எமுலேட்டர் என்ற பெயரில் தன் இணையதளத்திலேயே போட்டிருக்கிறது. காசு கொடுக்க முன்னமே வீட்டில் இருந்து என்விடிஏயோடு அதற்குள் போய்ப் பாருங்கள். வைஃபை பெயரை மாற்றும் இடத்துக்கு வந்து, டாப் விசையால் மட்டும் சேவ் பட்டன் வரை போக முடிகிறதா? சுவிட்ச் ஓனா ஓஃபா என்று சொல்கிறதா? இரண்டுக்கும் ஓம் என்றால் அந்த மொடலை யோசிக்கலாம். எமுலேட்டர் இல்லாத கம்பனி என்றால் மடிக்கணினியோடு கடைக்குப் போய், திறந்த பெட்டி ஒன்றுக்குக் கரண்ட் கொடுக்கச் சொல்லி அங்கேயே கேட்டுப் பாருங்கள். விடமாட்டோம் என்றால் அந்தக் கடை வேண்டாம்.

ஃபைபர் இணைப்பு என்பதால் இன்னொன்று. கம்பனி தந்த பெட்டியைக் கழற்றி எறிய முடியாது, ஃபைபர் வயர் அதற்குள்தான் போகிறது. ஆனால் அதன் லேன் துவாரத்திலிருந்து (வீட்டுச் சாதனங்களுக்கு இணையம் கொடுப்பது) ஒரு கேபிளை எடுத்து உங்கள் ரவுட்டரின் வேன் துவாரத்தில் (வெளியிலிருந்து இணையம் உள்ளே வருவது) செருகி, பழைய பெட்டியின் வைஃபையை ஒரு தடவை நிறுத்திவிட்டால் போதும். வைஃபைக்காக அந்தப் பெட்டியின் பக்கத்துக்குத் திரும்பப் போக வேண்டிய தேவை வராது.

கொஞ்சம் துணிவும் கணினிப் பழக்கமும் இருந்தால் ஓப்பன்-டபிள்யூஆர்டி ஓடக்கூடிய ரவுட்டர் தேடுங்கள். ரவுட்டருக்குள் கம்பனி போட்டதற்குப் பதிலாக ஏற்றக்கூடிய, 2004இலிருந்து வருகிற இலவச மென்பொருள் அது. அதன் பக்கம் பெரும்பாலும் சாதாரணப் படிவங்களும் அட்டவணைகளும்தான். அதுவும் சரிவராவிட்டால் எஸ்எஸ்எச் வழியாக, அதாவது கணினியிலிருந்து ரவுட்டருக்குள் நுழைந்து, கட்டளைகளை அடித்தே எல்லாம் செய்யலாம், வெறும் எழுத்து என்பதால் என்விடிஏ வாசித்துவிடும். ஜி.எல்.ஐநெட் ரவுட்டர்கள் அதை அடிப்படையாக வைத்துத்தான் வருகின்றன. மற்றவற்றில் நீங்களே ஏற்றுவதென்றால் மொடலோடு வெர்ஷன் இலக்கத்தையும் சரிபார்க்காமல் கை வைக்காதீர்கள், பிழையானதை ஏற்றினால் பெட்டி செத்துவிடும். வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் அனுமதி கேட்டுச் சுங்கத்தில் மறிபடலாம், அதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: ஆறு அன்டெனா உள்ள ரவுட்டர் வாங்கினால் பின் குசினி வரை சிக்னல் வருமா? (பாலையூற்று)

பதில்: அன்டெனாவை எண்ணாதீர்கள், சுவரை எண்ணுங்கள். வைஃபை அலைவரிசைகளில் 2.4 கிகாஹேர்ட்ஸ் சுவர் தாண்டும், 5 கிகாஹேர்ட்ஸ் வேகம் கூட, ஆனால் கல் சுவரில் களைத்துவிடும். ரவுட்டரை வீட்டு நடுவில் உயரமாக வையுங்கள். "வீடு முழுக்க" என்று பெட்டியில் போட்டிருந்த, சிக்னலைத் தூரத்துக்கு நீட்டும் எக்ஸ்டெண்டர் ஒன்றைக் கழிவு விலையில் நான் வாங்கினேன். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் சாமான், வேகம் பாதியாகிவிட்டது. இப்போது அது அலுமாரிக்கு மேல் இருக்கிறது.

கேள்வி: எனக்குக் கண் தெரியாது. இணைப்புக் கொடுக்க வந்த பொடியன் வைஃபை பாஸ்வேர்டைத் தானே போட்டுவிட்டுப் போனான். செட்டிங் பக்கத்துப் பாஸ்வேர்டைக் கேட்டால் "உங்களுக்கு எதுக்கு ஐயா, வீட்டில் கண் தெரிந்த ஆள் இல்லையா" என்கிறான். (கிண்ணியா)

பதில்: இதைப் பற்றி எழுத நான் எப்போதிருந்தோ காத்திருக்கிறேன். காசு கட்டுவது நீங்கள், பில் உங்கள் பெயரில் வருகிறது, ஆனால் வீட்டு இணையத்தின் திறப்பு மட்டும் யாரோ ஒரு பொடியனின் போனில் இருக்கிறது. அவன் நல்லவனாகவே இருக்கட்டும். நாளைக்கு வேலையை விட்டுப் போவான், அல்லது ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டிருப்பான், அதை அவனுடைய கூட்டாளிகளும் அறிந்திருப்பார்கள். கண் தெரிந்த ஒருவர் கேட்டிருந்தால் முணுமுணுத்துக்கொண்டாவது எழுதிக் கொடுத்திருப்பான். உங்களிடம் மட்டும் "ஆள் இல்லையா" என்ற கேள்வி. இல்லை என்றால் என்ன, இணையம் இல்லாமல் இருக்க வேண்டுமா? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகள் பொது இடத்துக்குள் போவதைத் தடுக்கக்கூடாது என்கிறது, 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையையும் நாடு ஏற்றுக்கொண்டது. நம் ஆட்களோ கடை வாசலில் ஒரு சரிவைக் கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று இருக்கிறார்கள், ரவுட்டரின் செட்டிங் பக்கத்துக்கும் ஒரு வாசல் உண்டு என்று யாரும் நினைப்பதில்லை.

சரி, செய்ய வேண்டியது. கம்பனி தருகிற பெட்டிகளில் வழக்கமாக இரண்டு மட்டத்தில் லொகின் இருக்கும். மேல் மட்டத்தைக் கம்பனி தன் கையில் வைத்திருக்கும், அது பரவாயில்லை. வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றக் கீழ் மட்டமே போதும், அதன் விவரம் அநேகமாகப் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். கம்பனிக்குப் போன் எடுத்து அந்த விவரத்தை எஸ்எம்எஸ்ஸாகக் கேளுங்கள். படமாக அனுப்பினால் திருப்பி அனுப்பி, எழுத்தாகத்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். கிடைத்த அன்றைக்கே இரண்டு பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். பதில் தராவிட்டால் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, அதன் இலக்கத்தோடு தொலைத்தொடர்பு ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

கேள்வி: பார்வையற்ற அப்பாவுக்காக 18,000 ரூபாய்க்கு ஒரு ரவுட்டர் வாங்கினேன். பெட்டியில் வொய்ஸ் என்று போட்டிருந்தது. "இது கதைக்கும் தங்கச்சி, அப்பாவுக்கு நல்லது" என்று கடைக்காரர் சொன்னார். வீட்டில் அது ஒரு சத்தமும் போடவில்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார். (மூதூர்)

பதில்: தங்கச்சி, உங்கள்மேல் ஒரு பிழையும் இல்லை. பெட்டியில் உள்ளது வீட்டுத் தொலைபேசியைச் செருகுகிற துவாரத்தைப் பற்றியது. கடைக்காரருக்கு அது தெரியாமல் இருக்க நியாயமில்லை, தெரியாவிட்டாலும் தெரியாததைச் சொல்லி விற்றது பிழைதான். பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள். பில் தராவிட்டால் இப்போதே போய்க் கேளுங்கள், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது. கடைக்காரர் சொன்னதைத் திகதி போட்டு அப்படியே எழுதுங்கள், கூட நின்றவர் இருந்தால் அவர் பெயரையும் சேருங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 1977க்கு எடுத்தால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். போக முன் கடைக்காரருக்கு அந்தக் கடிதத்தின் பிரதியைக் காட்டிப் பாருங்கள், சில பேருக்கு அது போதும்.

கேள்வி: பேஸ்புக்கில் பார்த்து ஒரு 4ஜி ரவுட்டரை வங்கியில் காசு போட்டு எடுத்தேன். என்னுடைய சிம்மை ஏற்கவில்லை. விற்றவர் போன் எடுக்கிறார் இல்லை. பில் இல்லை. (நிலாவெளி)

பதில்: ஆளைத் தெரியாது, கடை இல்லை, பில் இல்லை, "லொக் இல்லாததா" என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. இது ஒரே கம்பனியின் சிம்முக்கு லொக் பண்ணிய பெட்டியாக இருக்கும். அந்தக் கம்பனி சிம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வங்கிச் சிட்டை இருந்தால் பொலிசில் ஒரு முறைப்பாடு போடலாம். இதே மாதிரிக் கடிதம் மாதம் மாதம் வருகிறது, எனக்கும் எழுதி அலுத்துவிட்டது.

கேள்வி: இணையம் நின்றால் "சிவப்பு லைட் எரிகிறதா பாருங்கள்" என்று போனில் கேட்கிறார்கள். நான் எப்படிப் பார்ப்பது? (தம்பலகாமம்)

பதில்: போனின் வைஃபை செட்டிங்குக்குப் போங்கள். உங்கள் வைஃபை பெயரே இல்லை என்றால் ரவுட்டருக்குக் கரண்ட் இல்லை அல்லது அது பழுது. இணைந்திருக்கிறது ஆனால் இணையம் இல்லை என்று டோக்பேக் வாசித்தால் ரவுட்டர் நல்லாகத்தான் இருக்கும், பிழை அநேகமாக லைனில். இதை அப்படியே அவர்களிடம் சொல்லுங்கள், அநேகமாக லைட்டை விட்டுவிடுவார்கள். பார்வையற்றவர்களுக்கான சீயிங் ஏஐ செயலியில் வெளிச்சத்துக்கு ஏற்பச் சத்தம் ஏறி இறங்கும் வசதி உண்டு, இருட்டு அறையில் போனைக் கிட்டப் பிடித்தால் லைட் எரிகிறதா என்று தெரியும். சிவப்பா பச்சையா என்று அதில் பிடிபடாது.

கேள்வி: போனை வைஃபையில் இணைக்கப் பாஸ்வேர்ட் அடிக்கவே தேவையில்லை, ரவுட்டரில் உள்ள டபிள்யூபிஎஸ் பட்டனை அமத்தினால் போதும் என்கிறாரே கடைக்காரர்? (சாம்பல்தீவு)

பதில்: புது அண்ட்ரொயிட் போன்களில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ஐபோனில் இருந்ததே இல்லை.

கேள்வி: பட்டன்களைத் தடவி அடையாளம் காண ஏதாவது வழி? ஒரு முறை ரீசெட் ஆகி எல்லாம் போய்விட்டது. (மனையாவெளி)

பதில்: மகளிடம் நெயில் பொலிஷ் வாங்கிப் பவர் பட்டனில் ஒரு சொட்டு, வேன் துவாரத்துக்கு மேல் இரண்டு சொட்டு விட்டுக் காயவிடுங்கள், விரலுக்குத் தட்டுப்படும். வேன் எது லேன் எது என்பதை அநேகமாக நிறத்தால்தான் பிரித்திருப்பார்கள், ஆகவே அந்த இரண்டு சொட்டு முக்கியம். ரீசெட் குழிக்குள் இருந்தால் அதன்மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். வாங்கும்போதே ரீசெட் குழிக்குள் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால் ரவுட்டரை ஓடவைக்கச் சின்ன யூபிஎஸ் வாங்கலாமா? (அன்புவழிபுரம்)

பதில்: வாங்கலாம். அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று போட்டிருக்கிறதோ வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், அம்பியர் குறையக்கூடாது. 12 வோல்ட் ரவுட்டருக்கு 9 வோல்ட் யூபிஎஸ் வாங்கிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும், அவர்தான் இந்தப் பகுதியை எழுதுகிறார்.