முத்திரையில் யார் பெயர்?

வணக்கம் ஐயா,

ரஷ்யச் சக்கரவர்த்திகளுக்கு நகையும், ஈஸ்டர் பரிசாக ஐம்பது அலங்கார முட்டைகளும் செய்த ஃபேபர்ஜே பற்றி நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சவுகார்பேட்டைப் பட்டறை ஒன்றில் கல் பதிப்பவர். "அம்பது முட்டையும் ஒருத்தன் கையால ஆவுற காரியமா? மத்தவன் பேரெல்லாம் எங்கே?" என்கிறார். என்ன சொல்ல?

ம., பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள ம.,

தொழில் தெரிந்தவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும். ஃபேபர்ஜே வேலை கற்றவர்தான். ஆனால் 1885-ல் சக்கரவர்த்தி மூன்றாம் அலெக்சாந்தர் தன் மனைவிக்கு ஈஸ்டர் பரிசாக முதல் முட்டையை வாங்கியபோதே அவர் பீட்டர்ஸ்பர்க்கில் கடை முதலாளி. என்ன மாதிரி, யாரிடம் கொடுப்பது, வந்தது தேறுமா என்று பார்ப்பதே அவர் வேலை. அதைச் சின்ன வேலை என்று நான் சொல்லமாட்டேன்.

மற்றவர்கள் பெயரும் இருக்கிறது, ஓரளவுக்கு. பட்டறைத் தலைவர்கள் தங்கள் முதலெழுத்தை முத்திரையாகக் குத்தினார்கள். பெரும்பாலான முட்டைகள் மிகயீல் பெர்கின், அவருக்குப் பின் ஹென்ரிக் விக்ஸ்ட்ரோம் ஆகியோரின் பட்டறைகளில் ஆனவை. தலைவருக்குக் கீழே இருந்தவருக்கு அந்த உரிமை இல்லை. 1897-ன் முடிசூட்டு முட்டைக்குள் ஒரு தங்க வண்டி. நீளம் பத்து சென்டிமீட்டர்கூடக் கிடையாது. கதவு திறக்கும், படி மடங்கும். ஓராண்டுக்கு மேல் அதிலேயே கிடந்தவர் ஜார்ஜ் ஸ்டைன். 1913-ன் குளிர்கால முட்டையை வரைந்தவர் அல்மா பில் என்ற இளம்பெண். ஜன்னல் கண்ணாடியில் படிந்த உறைபனியைப் பார்த்து வரைந்தாராம். வெறும் படிகக்கல்லைக் குடைந்து, உட்புறம் பனிப்பூ செதுக்கி, வெளியே பிளாட்டினத்தில் பொடி வைரம் பதித்த வேலை. அது ஆனது அவருடைய தாய்மாமன் ஆல்பர்ட் ஹோம்ஸ்ட்ரோம் பட்டறையில்.

சவுகார்பேட்டையில் இந்த அளவுகூட இல்லை. உருக்க ஒருவர், கம்பி இழுக்க ஒருவர், கல்லுக்கு உங்கள் அப்பா, மெருகுக்கு இன்னொருவர். கடைக்குப் போகும் நகையில் இன்று மூன்று குறிகள்: பி.ஐ.எஸ். தர முத்திரை, 916 என்று மாற்று, ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாக எழுத்தும் எண்ணும் கலந்து வரும் ஆறு இலக்க அடையாளமான எச்.யூ.ஐ.டி. தங்கத்துக்கு அடையாளம் உண்டு. செய்தவர் பில்லில் செய்கூலியாக வந்து போகிறார். வாங்குகிற நாமும் அதைக் குறைக்கச் சொல்லித்தானே பேரம் பேசுகிறோம்!

அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். பழைய நகை ஒன்று ரிப்பேருக்கு வந்தால், பதிப்பைப் பார்த்ததுமே இது இன்னார் கை என்று அவருக்குத் தெரியுமா?