உன் கடிதம் கிடைத்தது

வணக்கம்.

என் அப்பா ராணுவ அதிகாரி. எங்கள் சிறுவயதில் வருடக் கணக்கில் வீட்டை விட்டு இருந்தவர். அம்மாவும் போன பிறகு, அவர் பெட்டியில் அப்பா எழுதிய 140 கடிதங்கள் கிடைத்தன. ஆசையாகப் படித்தேன். ஒவ்வொன்றும் ‘உன் கடிதம் கிடைத்தது’ என்றே தொடங்குகிறது. பிறகு இன்ஷூரன்ஸ் தவணை, என் கணக்கு மார்க், அம்மாவின் பல்வலி. ‘ஒழுகும் கூரைக்கு ஆளைக் கூப்பிடு, ஏணியில் நீ ஏறாதே’ என்று ஒரு கடிதம். போரைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்பாக ஒரு வார்த்தை இல்லை. அம்மா எழுதியது ஒன்றுகூட மிஞ்சவில்லை. இவர்களுக்குள் என்னதான் இருந்தது?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தப் பெட்டி என் மனதிலேயே இருக்கிறது.

போர் இல்லாததற்குக் காரணம் எளிது. எங்கே இருக்கிறோம், அடுத்து எங்கே போகிறோம் என்று எழுத முடியாது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையில் சிப்பாய்களின் கடிதங்களைப் படித்துத் தணிக்கை செய்தவர்கள் அவர்களுடைய அதிகாரிகளேதான். அடுத்தவர் வீட்டுக் கடிதங்களை அப்படிப் படித்துப் பழகியவருக்குத் தன் கடிதத்தில் மனம்விட்டு எழுத எவ்வளவு கூச்சம் இருந்திருக்கும்!

அன்பு இல்லை என்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

1775 ஜூன் 18 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் பிலடெல்பியாவிலிருந்து மனைவி மார்த்தாவுக்கு எழுதினார். அமெரிக்க விடுதலைப் போரின் படைத்தலைமை தன் தலையில் வந்து விழுந்துவிட்டது, உயில் எழுதச் செய்து இத்துடன் அனுப்புகிறேன் என்கிறார். எழுதி முடித்த பிறகு ஒரு பின்குறிப்பு: நீ 15-ஆம் தேதி எழுதியது இப்போதுதான் வந்தது, ரொம்ப அழகானது என்று பிறர் சொன்ன மஸ்லின் துணியில் இரண்டு உடுப்புக்கு வாங்கியிருக்கிறேன், உனக்குப் பிடிக்க வேண்டும். கஜம் என்ன விலை என்பதையும் சொல்கிறார். உயிலும் மஸ்லினும் ஒரே கடிதத்தில்! அந்தப் போர் எட்டு ஆண்டு நீண்டது. கணவர் இறந்த பிறகு மார்த்தா தங்கள் கடிதங்களை அழித்துவிட்டார். தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்த 15-ஆம் தேதிக் கடிதம் இன்று இல்லை. ஆனாலும் மஸ்லின் என்ற சொல்லில் எனக்கு மார்த்தாவின் குரல் கேட்கிறது.

உங்கள் அம்மாவின் கடிதங்கள் இல்லாமல் போனதும் இயல்பே. வீட்டில் இருப்பவருக்குப் பெட்டி இருக்கும். முகாம் மாறிக்கொண்டே இருப்பவர் எதையெல்லாம் சுமப்பார்? படித்து, சட்டைப்பையில் வைத்து, மடிப்பு கிழியும்வரை மறுபடி படித்து, கடைசியில் எங்கோ விட்டுவிட்டு வந்திருப்பார்.

அன்பு கொப்பளிக்கும் கடிதங்கள்தான் வேண்டுமென்றால் நெப்போலியனுடையவை இருக்கின்றன. 1796 மார்ச்சில் ஜோசபினை மணந்து, இரண்டே நாளில் இத்தாலிப் போர்முனைக்குக் கிளம்பியவர். தீயாக எழுதினார். ஆனால் அவற்றில் திரும்பத் திரும்ப வருவது ஒரே ஏக்கம்: நீ ஏன் எழுதுவதில்லை?

உங்கள் அப்பாவுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. ‘உன் கடிதம் கிடைத்தது’ என்பதைச் சம்பிரதாயம் என்று தாண்டிப் போய்விட்டீர்கள். 140 முறை கிடைத்திருக்கிறது. அத்தனை முறை அம்மா உங்களைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அம்மா என்ன எழுதியிருந்தால் இந்தப் பதில் வந்திருக்கும் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பல்வலியைச் சொன்னவர் அம்மா. உங்கள் மார்க்கைச் சொல்லி வருத்தப்பட்டவரும் அவரே. கூரைக் கடிதத்திலிருந்து தொடங்குங்கள். ஏணியில் ஏறாதே என்று அத்தனை தூரத்திலிருந்து ஒருவர் எழுதுகிறார் என்றால், அம்மா ஏற்கெனவே ஏறியிருக்கிறார். ஏறியதை அவரிடம் சொல்லியும் இருக்கிறார்.