மச்சாள் தோழியாக நிற்கலாமா?

கேள்வி: எனக்கு அடுத்த மாதம் கிளிநொச்சியில் கலியாணம். மாப்பிள்ளையின் அக்காதான் தோழி என்று அவர் வீட்டில் முடிவெடுத்துவிட்டார்கள். அவவின் கணவர் 2009இல் இறந்துவிட்டார். தாலி கட்டும் நேரம் அவ பக்கத்தில் நிற்கக்கூடாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று எங்கள் பெரியம்மா பிடிவாதமாக இருக்கிறா. நான் என்ன செய்ய?
வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, எங்கள் வழக்கத்தில் பொம்பிளையின் சகோதரன் மாப்பிள்ளைக்குத் தோழன், மாப்பிள்ளையின் சகோதரி பொம்பிளைக்குத் தோழி. ஆகவே அது அவவுக்கு உரிய இடம், யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதில்லை. அதோடு படத்துக்கு நிற்கிற வேலையும் இல்லை அது. உங்களை மணவறைக்குக் கூட்டிவர வேண்டும், கூறைச் சேலையை வாங்கிக்கொண்டு நீங்கள் மாற்றப் போகும்போது கூடவே வந்து, வெளியில் ஐயர் முகூர்த்தம் போகுது என்று அவசரப்படுத்த உள்ளே பதறாமல் உடுத்திவிட வேண்டும், பிறகு தாலி ஏறும்போது விளக்கோடு பின்னால் நின்று, மாலையும் கொண்டைப் பூவும் தாலிக்கொடியில் சிக்காமல் பார்க்க வேண்டும். இதற்குப் பொறுமையான ஆள் தேவை. கணவர் இருக்கிறாரா இல்லையா என்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வன்னியில் 2009இல் யுத்தம் முடிந்த பிறகு இப்படியான ஒரு பெண்ணாவது இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர்களையெல்லாம் சமையல் பக்கம் போய் நில்லுங்கள் என்றால் மணவறைக்குக் கிட்ட யார்தான் வருவது? கலியாணப் பதிவு எழுத்துக்கும் இரண்டு சாட்சிகள் கையெழுத்து வைக்க வேண்டும், அங்கே பதிவாளர் இந்தக் கதையெல்லாம் கேட்பதில்லை.

பெரியம்மாவோடு நீங்கள் மோத வேண்டாம், அம்மாவைக் கதைக்கவிடுங்கள். ஆலாத்தி எடுக்கிற பொறுப்பைப் பெரியம்மாவிடம் கொடுத்தால் பாதி கோபம் அதிலேயே போய்விடும் (எங்கள் ஊர்க் கலியாணச் சண்டைகளில் முக்கால்வாசி, தன்னை ஒன்றுக்கும் கேட்கவில்லையே என்கிற சண்டைதான்).

ஆனால் மச்சாளிடம் யாராவது கேட்டார்களா? நீங்களே ஒருக்கால் தனியாகக் கதையுங்கள். தம்பியின் ஆசைக்காக ஓம் சொல்லிவிட்டு, சனத்துக்கு முன்னால் நிற்க உள்ளுக்குள் கூச்சப்படலாம். அவவே வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். சரி என்றால், ஐயரிடமும் முதலே சொல்லி வையுங்கள். அவர் விளக்கை நீட்டிக்கொண்டு "சுமங்கலி ஆராவது வாங்கோ" என்று மண்டபத்துக்கே கேட்கக் கூப்பிட்டால், அவமானம் அவவுக்குத்தான்.