பக்கவாட்டில் நிற்கும் பெண்ணை வரைய எதை வாங்குவது?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். மாலை நேரங்களில் படக்கதை ஒன்றை வரைந்து வருகிறேன். அதன் நாயகி நம்மை நேராகப் பார்த்து நிற்கும்போது ஓரளவு சரியாக வருகிறாள். பக்கவாட்டில் முழு உருவமாக வரைந்தால் மட்டும் சுவரில் சாய்த்து வைத்த பலகையைப் போல விறைத்து நிற்கிறாள். ஓவியப் பொருட்கள் விற்கும் கடையில் 12 அங்குல மர மேனிக்வின் (மூட்டுகளை மடக்கி நிறுத்தும் மரப்பொம்மை) 650 ரூபாய் என்றும், ‘பெண் உடல்’ என்று எழுதிய பிளாஸ்டிக் பொம்மை 1,100 ரூபாய் என்றும் சொல்கிறார்கள். எதை வாங்கினால் இந்தக் குறை தீரும்? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: மரப்பொம்மையை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பிளாஸ்டிக் பொம்மையையும் இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். உங்கள் படத்தில் உள்ள விறைப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால் இதற்கான காரணம் விளங்கும்.

நேர்த்தோற்றத்தில் உடலின் இடமும் வலமும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், நடுவில் செங்குத்தாக ஒரு கோடு இழுத்து இருபுறமும் சமமாக நிரப்பினாலே உருவம் நின்றுவிடும். பக்கவாட்டில் அந்த வசதி கிடையாது. கழுத்து முன்னோக்கிச் சாய்ந்து தலையைத் தாங்குகிறது. விலாக்கூட்டின் மேற்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. இடுப்பெலும்பு அதற்கு எதிராக முன்னோக்கிக் கவிழ்ந்திருக்கிறது. தொடைச்சதை முன்பக்கம் திரள, முழங்காலுக்குக் கீழே கெண்டைச்சதை பின்பக்கம் திரள்கிறது. இப்படி மாறி மாறிச் சாயும் பகுதிகள் அனைத்தும் கொத்தனாரின் தூக்குக்குண்டு நூல் போன்ற ஒரு செங்குத்துக் கோட்டை ஒட்டியே சமநிலை கொள்கின்றன. இயல்பாக நிற்கும் ஒருவரின் பக்கத்தில் அப்படியொரு நூலைத் தொங்கவிட்டால், அது காது, தோள்மூட்டு, தொடையின் மேற்புறம் கையால் தடவினால் தட்டுப்படும் எலும்புப் புடைப்பு ஆகியவற்றின் வழியே இறங்கி, முழங்கால் மூட்டின் நடுவுக்குச் சற்று முன்னால் சென்று, கணுக்காலின் வெளிப்புற எலும்புப் புடைப்புக்குச் சற்று முன்னால் தரையைத் தொடும். நாயகி பலகைபோல் நிற்பதற்குக் காரணம், இந்தச் சாய்வுகளை விட்டுவிட்டு எல்லாவற்றையும் நேராக அடுக்கிவிடுவதுதான்.

மரப்பொம்மையும் அதே தவற்றைத்தான் செய்கிறது. அதில் மார்பு ஒரு கட்டை, இடுப்பு ஒரு கட்டை, நடுவில் ஓர் உருண்டை. மூன்றும் ஒரே நேர்கோட்டில் அடுக்கப்பட்டுள்ளன. கைகால்கள் கடைசலில் கடைந்தவை. கடைசலில் கடைந்த எதற்கும் முன்பக்கம், பின்பக்கம் என்ற வேறுபாடு இருக்க முடியாது என்பதால், பக்கவாட்டுத் தோற்றத்துக்கு உயிர்கொடுக்கும் தொடையின் முன்திரட்சியும் கெண்டையின் பின்திரட்சியும் அதில் வரவே வராது. ‘பெண் வடிவம்’ என்று கூடுதல் விலைக்கு விற்கப்படும் மரப்பொம்மையில் இடை சற்று ஒடுங்கியிருக்கும், மார்புக்கட்டை சற்று மாறியிருக்கும், அவ்வளவே. என் மேசையிலும் அப்படி ஒன்று பல ஆண்டுகளாக நிற்கிறது. மூக்குக்கண்ணாடியை மாட்டிவைக்க மிகவும் உதவுகிறது.

பிளாஸ்டிக் பொம்மை இதைவிட மேலானது என்பதை மறுக்க முடியாது. ஜப்பானின் பண்டாய் நிறுவனம் ‘பாடி-சான்’ என்ற பெயரில் விற்கும், ஏறத்தாழ 13.5 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் உருவத்தில் மார்பும் வயிறும் தனித்தனியே அசையும். தொடைக்கும் கெண்டைக்கும் உரிய வடிவம் இருக்கும். ஆனால் அதன் அளவுகள் ஜப்பானியப் படக்கதைப் பெண்ணுக்கு உரியவை. மேலும், அதைப் பார்த்துச் செய்த போலிகள் சந்தையில் நிறைய உலவுகின்றன. அவற்றின் மூட்டுகள் தளர்ந்துவிடும், அல்லது முதல் வாரத்திலேயே ஒடிந்துவிடும். இறக்குமதியான பொட்டலப் பொருளின் மீது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின் தேவை. கடைக்காரர் காட்டும் பெட்டியில் இந்த விவரங்கள் இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி, செலவில்லாத வழியைச் சொல்கிறேன். வீட்டுக் கதவு நிலையின் மேற்சட்டத்திலிருந்து ஒரு நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிடுங்கள். உடலோடு ஒட்டிய உடை அணிந்த தங்கையையோ தோழியையோ அதன் அருகே பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, அவர்களின் சம்மதத்தோடு கைபேசியில் படம் எடுங்கள். கைபேசியை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு, குறைந்தது நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று எடுக்க வேண்டும். கண் உயரத்தில் பிடித்து அருகில் நின்று எடுத்தால் தலை பெருத்துக் கால்கள் சிறுத்துவிடும். நிற்பவரிடம் ‘நேராக நில்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் உடனே மூச்சைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் தவிர்க்க நினைக்கும் அதே பலகையாக மாறிவிடுவார்கள்.

இதற்கு அடுத்தபடியாக நான் பரிந்துரைப்பது, எட்வர்ட் மைபிரிட்ஜ் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எடுத்து 1887இல் 781 தகடுகளாக வெளியிட்ட ஒளிப்படத் தொடரை. வரிசையாக வைத்த கேமராக்களால் பக்கவாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை அதில் ஏராளமாக உள்ளன. பெண்கள் நடப்பதும் படியேறுவதும் குனிந்து நிமிர்வதும் கட்டம்போட்ட பின்புலத்தின் முன் கணம் கணமாகப் பதிவாகியிருப்பதால், எந்தப் பகுதி எவ்வளவு சாய்கிறது என்பதைக் கட்டங்களை எண்ணியே அறிந்துகொள்ளலாம். பதிப்புரிமைக் காலம் என்றோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பல படங்களில் உருவங்கள் ஆடையின்றி இருக்கும் என்பதைச் சிறுவர்கள் உள்ள வீடுகளுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

அளவைப் பொறுத்தவரை, உச்சி முதல் மோவாய் வரையிலான ஒரு தலை நீளத்தை அலகாகக் கொண்டால், சாதாரணமாக வளர்ந்த ஒருவர் ஏழரைத் தலை உயரம் இருப்பார். படக்கதை நாயகிக்கு எட்டு என்று கொள்வது வழக்கம். பக்கவாட்டில் தலையின் முன்பின் ஆழம் அதன் உயரத்தை நெருங்கி வரும் என்பதைப் பலர் மறந்து, பின்மண்டையை வெட்டிவிடுகிறார்கள். நம் சிற்ப நூல்களில் வரும் தாளம் என்ற அலகு முக நீளத்தைக் குறிப்பது. தேவியருக்குச் சொல்லப்படும் மத்திம தசதாளத்தை (பத்துத் தாள அளவின் நடு வகையை) ‘பத்துத் தலை’ என்று எடுத்துக்கொண்டால் நாயகி பனைமரமாகிவிடுவாள்.

பெண் என்று காட்டுவதற்கு அகன்ற இடுப்பும் குறுகிய தோளும் போதும் என்ற பழக்கமும் பக்கவாட்டில் கைகொடுக்காது, ஏனெனில் அந்த அகலங்கள் அங்கே தெரிவதே இல்லை. சிறுத்த விலாக்கூடு, மெலிந்த கழுத்து, இடுப்பெலும்பின் சற்றுக் கூடுதலான கவிழ்ப்பு, அதனால் கீழ்முதுகில் உண்டாகும் குழிவு ஆகியவைதான் அங்கே பேசும். மார்பகத்தை உருண்டையாக ஒட்டவைக்காமல், விலாக்கூட்டின் சரிவில் அமர்ந்து தன் எடையால் தாழ்வதாக, மேற்கோடு நீண்டும் கீழ்க்கோடு குறுகி வளைந்தும் வரையுங்கள். 650 ரூபாயைச் செலவிட்டே ஆகவேண்டும் என்றால், மலிவான நியூஸ்பிரிண்ட் தாளும் இரண்டு 4பி பென்சில்களும் வாங்குங்கள்; மீதியைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ‘எல்லாக் கோணங்களிலும் முழு உருவம், வாரந்தோறும் நேரலையில் ஆசிரியரின் திருத்தம்’ என்ற விளம்பரத்தை நம்பி, பெண் கதாபாத்திரங்களை வரையக் கற்றுத்தரும் இணைய வகுப்பு ஒன்றுக்கு 2,499 ரூபாய் செலுத்தினேன். பதிவுசெய்த 22 காணொளிகள் மட்டுமே வந்தன. பக்கவாட்டுத் தோற்றத்துக்கு ஒன்பது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நேரலை நடக்கவே இல்லை. ‘பணம் திருப்பித் தரப்படாது என்று விதிமுறையில் உள்ளது’ என்கிறார்கள். (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: உங்களிடம் இரண்டு குறைகள் உள்ளன, இரண்டின் வலிமையும் ஒன்றல்ல. ஒன்பது நிமிடம் போதாது என்பது உங்கள் மதிப்பீடு. எதிர்த்தரப்பு ‘கோணம் சொல்லப்பட்டிருக்கிறதே’ என்று தப்பிக்க இடமுண்டு. நேரலைத் திருத்தம் வாக்களிக்கப்பட்டு நடக்காமல் போனது அப்படிப்பட்டதல்ல. ஆகவே புகாரை அதிலிருந்தே தொடங்குங்கள்.

வாங்கிய பொருள் பிடிக்கவில்லை என்பதற்காகவே பணத்தைத் திரும்பப் பெறும் பொதுவான உரிமை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. ஆனால் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விளம்பரத்தில் சொன்ன தன்மையோ அம்சமோ இல்லாத பொருளுக்கும் சேவைக்கும் பணத்தைத் திருப்பித்தர மறுக்கக் கூடாது என்கின்றன. ‘திருப்பித் தரப்படாது’ என்று நிறுவனம் தானாக எழுதிக்கொண்ட வரி இதைத் துடைத்துவிடாது. விளம்பரம் மாற்றப்படுவதற்கு முன் அதைத் திரைப்பிடிப்பாக எடுத்து, பணம் செலுத்திய ரசீதோடு சேர்த்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். இவ்வளவு சிறிய தொகைக்கு இதுவே முதலில் முயல வேண்டிய வழி. அதுவும் பயன் தராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்த மகள், பக்கவாட்டு உருவங்களைச் சரியாக வரைய திரையுள்ள டிஜிட்டல் வரைபலகை வேண்டும் என்கிறாள். வாங்கித் தரலாமா? (ஒரு தாய், நாகர்கோவில்)

பதில்: திரையுள்ள பலகை கோட்டைச் சுத்தமாக்கும், சாய்வைக் கற்றுத்தராது. வீட்டில் கணினி இருந்தால், திரையில்லாத சிறிய வரைபலகையே அவளுக்குப் போதும். அதோடு கிருதா என்ற இலவச ஓவிய மென்பொருளையும், வயது, பால், உயரம் ஆகியவற்றைக் கூட்டிக்குறைத்து முப்பரிமாண மனித உருவம் ஆக்கித் தரும் மேக்ஹியூமன் என்ற இலவச மென்பொருளையும் நிறுவிக் கொடுங்கள். மேக்ஹியூமனில் உருவத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துப் பார்த்து வரையட்டும். வரைபலகை வந்த பெட்டியைப் பிரிக்கும்போது காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். பேனா முனை வேலை செய்யவில்லை என்று பின்னர் வாதிட நேர்ந்தால் அது உதவும்.