பதினொன்றாம் வகுப்பிலேயே காலேஜுக்கு வாக்குக் கொடுக்கணுமா?

கேள்வி: என் மகன் பதினொன்றாம் வகுப்பு. ஃபுட்பாலில் லெஃப்ட் விங்கில் ஆடுவான். டீமுக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் டோர்னமென்டில் அவனைப் பார்த்த சென்னை இன்ஜினியரிங் காலேஜ் கோச், "எல்லாம் ஃப்ரீ, ஆனால் இந்த வாரமே சொல்லணும், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஒரிஜினலையும் கொடுத்துவிடுங்க, இல்லாவிட்டால் வேறு பையனை எடுத்துவிடுவோம்" என்கிறார். அவன் அப்பா கொச்சியிலிருந்து போட்டில் ஆழ்கடலுக்குப் போயிருக்கிறார், கரைக்கு வர இன்னும் மூன்று வாரமாவது ஆகும். என்ன செய்ய?
– ஒரு தாய், சின்னத்துறை

பதில்: அக்கா, ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பதினொன்றாம் வகுப்புப் பையனுக்கு எந்தக் கல்லூரியும் இன்றைக்கு சீட் கொடுக்க முடியாது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகுதான் அட்மிஷன். ஆக, கோச் தருவது வெறும் வாய் வார்த்தை, கேட்பது மட்டும் ஒரிஜினல் மார்க் ஷீட், இது என்ன கணக்கோ! சேர்ந்துவிட்ட மாணவரின் ஒரிஜினலைக்கூடச் சரிபார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே சொல்லியாயிற்று.

கோச்சைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் டீமில் சிலர் கடைசி வருஷம் முடித்துப் போவார்கள், கப் வராவிட்டால் மேனேஜ்மென்ட் அவரைத்தான் கேட்கும், நாளைக்கே அவர் வேறு காலேஜுக்கு மாறலாம், மாறினால் உங்களுக்குச் சொன்ன வாக்கும் அவரோடு போய்விடும். அவசரம் அவருக்குத்தான். கரையில் மீன் ஏலம் போகும்போது வெயில் ஏறினால் விலை இறங்கும், சரி, அங்கே அவசரம் நியாயம். உங்கள் மகன் இன்னும் ஒரு வருஷம் ஆடி மாவட்டம், மாநிலம் என்று சர்டிபிகேட் சேர்த்தால் விலை ஏறத்தானே செய்யும்?

கோச்சிடம் இப்படிக் கேளுங்கள்: எந்தப் பிரிவில் சீட்? ஃப்ரீ என்றால் ட்யூஷன் ஃபீஸ் மட்டுமா, ஹாஸ்டல், மெஸ், பரீட்சைக் கட்டணம் எல்லாமுமா? நாலு வருஷத்துக்குமா, இல்லை வருஷா வருஷம் அவர் பார்த்துத் தருவதா? மேட்சுக்குப் போகிற நாளுக்கு அட்டெண்டன்ஸ் உண்டா? முக்கியமாக, முழங்கால் போனால் என்ன? இரவிபுத்தன்துறை ஃபுட்பால் பிளேயர் மைக்கேல் சூசைராஜை உங்கள் பக்கம் தெரியாதவர் உண்டா, 2020 நவம்பரில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியே போனார். அவராவது கிளப்போடு ஒப்பந்தம் போட்டவர். காலேஜ் பையனுக்கு அடிபட்டு டீமை விட்டு வெளியே வந்தால், மீதி வருஷத்து ஃபீஸை யார் கட்டுவார்கள்? இதற்கெல்லாம் பதில் லெட்டர்பேடில், பிரின்சிபால் கையெழுத்தோடு வரட்டும். கோச்சின் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எதற்கும் உதவாது.

இன்ஜினியரிங்தான் படிக்க வேண்டும் என்று அவனே ஆசைப்பட்டால், அரசு கவுன்சிலிங்கில் விளையாட்டுக்காரர்களுக்கென்று 500 சீட் தனியாக இருக்கிறது. ஆசை இல்லையென்றால் ஃப்ரீ என்பதற்காக அங்கே தள்ளாதீர்கள், அரியர் வைத்துக்கொண்டு ஆடுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்தாயிற்று. தூத்தூர் யூதா கல்லூரியோ நாகர்கோவில் ஸ்காட்டோ சேர்ந்தாலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக டீமில் இடம் பிடித்தால் அகில இந்தியப் போட்டிவரை போகலாம்.

கோச்சிடம், "அவன் அப்பா கரைக்கு வரட்டும், பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்குள் வேறு பையனை எடுத்தால் எடுக்கட்டும்.

கேள்வி: நான் பிளஸ் டூ முடித்த வாலிபால் பிளேயர். கோயம்புத்தூர் காலேஜ் ஒன்றுக்கு வருவதாகச் சொல்லி, சேர்ந்து 10,000 ரூபாயும் கட்டினோம். இப்போது நாகர்கோவிலிலேயே எனக்குப் பிடித்த பி.எஸ்சி. கணிதம் கிடைக்கிறது. "வாக்கு மாறினால் எங்கேயும் ஆட முடியாதபடி பண்ணிவிடுவேன்" என்கிறார் கோச்.
– ஒரு மாணவி, மார்த்தாண்டம்

பதில்: மக்களே, பயப்படாதே. நீ எந்தக் கல்லூரியில் சேர்ந்து படிக்கிறாயோ அதற்குத்தான் ஆடுவாய், அதைத் தடுக்க இன்னொரு காலேஜ் கோச்சுக்கு என்ன அதிகாரம்? அவர் மிரட்டியதை வீட்டில் சொல், உன் பி.டி. டீச்சரிடமும் சொல். வரவில்லை என்பதை மட்டும் இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடு, அந்த இடத்துக்கு வேறொரு பிள்ளை காத்திருப்பாள். அப்புறம் அட்மிஷன் ரத்துக்கு எழுத்தில் கொடுங்கள். கல்லூரி அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே கொடுத்தால் 5 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது, அதிகபட்சம் 5,000 ரூபாய், இதுவும் அந்த 2018 விதிதான். நாள் போகப் போகத் திரும்பி வருவது குறையும், கடைசித் தேதிக்கு அப்புறம் 30 நாளும் தாண்டினால் ஒன்றும் வராது.

கேள்வி: அமெரிக்காவில் என் அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு, ஃபுட்பால் (அங்கே சாக்கர் என்பார்கள்) ஆடுகிறாள். அங்கேயும் இப்படி நெருக்குவார்களா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: நம்மைவிட மோசமாக நெருக்கினார்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமே வாக்கு வாங்கிய கதையெல்லாம் உண்டு. அப்புறம் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. 2019-ல் ஒரு விதி போட்டது: அவள் ஆடும் ஆட்டம் உட்படப் பெரும்பாலான விளையாட்டுகளில், பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15-க்கு முன்னால் டிவிஷன் 1 என்கிற மேல்மட்டப் பிரிவில் ஆடும் கல்லூரிகளின் கோச் சேர்க்கை பற்றிப் பேசவே கூடாது. அதற்கப்புறம் கொடுக்கிற வாய்மொழி வாக்கும் இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது, கோச் மனசு மாறினால் அவளுக்கும் ஒன்றும் மிஞ்சாது. ஒன்பதாம் வகுப்பு என்றால் அவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இப்போதே யாராவது அவசரப்படுத்தினால் அண்ணன் போனை வைத்துவிடலாம்.